வட்டம் விழாத தட்டு

எனக்குச் சத்தமாகப் பேச வராது. கல்லூரியில் பெயரைக் கூப்பிட்டால்கூடக் கையை மட்டும் உயர்த்துவேன்.

நுண்ணுயிரியல் படித்துவிட்டு நாமக்கல் பக்கம் தங்கசாமி ஐயாவின் கோழிப்பண்ணையில் சோதனைக்கூட வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஒரு வழக்கம். கோழி சுணங்கினால் முதலில் டாக்ஸியை, அதாவது டாக்ஸிசைக்ளின் என்னும் கிருமிக்கொல்லி மருந்தை, தண்ணீரில் கலந்துவிடுவார்கள். சோதனை பிறகுதான். கிருமி வளர்த்த தட்டில் மருந்து வில்லையை வைப்பேன். மருந்து கேட்குமென்றால் வில்லையைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் விழும். ஒருமுறை வட்டமே விழவில்லை. ஐயாவிடம் சொன்னேன்.

“கலந்து உட்டாச்சு அம்மிணி. இப்ப வந்து கேக்காதுன்னா, கோழிகிட்டப் போயி கக்குன்னு சொல்லட்டுமா?”

எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகு கேட்கும் என்றே சொல்லிவந்தேன்.

நடப்பது எளிது. கிருமிக்குள் ரைபோசோம் ஓயாமல் புரதம் செய்துகொண்டிருக்கும். மருந்து அதில் போய் அடைத்துக்கொண்டால் வேலை நிற்கும், கிருமி பெருகாது. சில கிருமிகளிடம் ஒரு காவல் புரதம் உண்டு. அது வந்து மருந்தைப் பெயர்த்துவிட்டுத் தானும் விலகிக்கொள்ளும். ரைபோசோம் விட்ட இடத்தில் தொடரும். சண்டையில்லை, சத்தமில்லை. எனக்கு அந்தப் புரதத்தைப் பிடித்திருந்தது.

முட்டை பொறுக்கும் சாலம்மாள் அக்காவுக்குக் கூண்டுக் கம்பி கிழித்துக் கை வீங்கியது. மருந்துக்கடையில் அதே டாக்ஸியைக் கொடுத்திருந்தார்கள். “ஏஞ்சாமி, இது கேக்குமான்னு பாத்துச் சொல்லு,” என்று கையை நீட்டினார். சீழை எடுத்து வளர்த்தேன். கோழிகளிடம் இருந்த அதே கிருமி. வட்டம் விழவில்லை.

உண்மையைச் சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் போவார். எங்கிருந்து வந்தது என்று அங்கே கேட்பார்கள். ஐயா என்னை எல்லார் முன்னும் நிறுத்திப் பேசுவார். நினைத்தாலே வியர்த்தது. தட்டை வேகவைத்துக் கிருமியைக் கொன்று கொட்டினேன்.

“கேக்குங்கக்கா. விடாமச் சாப்பிடுங்க.”

“படிச்ச புள்ள சொன்னாச் சரிதான்.”

விடாமல் சாப்பிட்டார். காய்ச்சலோடு வேலைக்கும் வந்தார். கிருமி ரத்தத்தில் கலந்தபின் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிணமாகத்தான் திரும்பினார்.

விசாரிக்க வந்த நீங்கள், குற்ற உணர்ச்சி இல்லையா என்கிறீர்கள். இருக்கிறது. சோறு இறங்கவில்லை. இனி யார் கேட்டாலும் உண்மையைத்தான் சொல்வது என்று, அவரைப் புதைத்த இடத்தில் நின்று முடிவு செய்தேன்.

இன்று காலை, நீங்கள் வருவதற்குச் சற்று முன், அவர் புருஷன் மாதையன் வந்தார். அக்காவின் புண்ணுக்குக் கட்டுப் போட்டவர் அவர்தான். அவர் விரலில் துணி சுற்றியிருந்தது. அக்கா சாப்பிட்டு மிச்சமிருந்த மாத்திரையைக் காட்டி, இது கேட்குமா என்று கேட்டார். ஐயா பக்கத்தில் நின்றார்.

“கேக்குங்க,” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.