செருப்பை எண்ணிய படகு

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள். புதுச் செருப்புப் போட்டிருந்தவர் மற்றவரிடம் சொன்னார்:

“டைவிங் போறண்டா செருப்புப் போட்டுட்டுப் போ மச்சான்.”

“தண்ணிக்குள்ள செருப்பு என்னத்துக்கு?”

“போன வெள்ளி திருகோணமலைல போனன். பெரிய போட், இருபத்தஞ்சு பேர். ஏறக்குள்ள எல்லாரும் செருப்பக் கழட்டிக் கூடைக்குள்ள போடணும். முங்கிட்டு வந்து ஏறினவன் தன்ட செருப்ப எடுத்துக்கணும். கூடை காலியெண்டா எல்லாரும் வந்தாச்சாம்.”

“நல்ல கணக்குத்தானே?”

“ஜும்மாவுக்குப் போன இடத்துல என்ட செருப்ப ஆரோ போட்டுக்கிட்டுப் போயிட்டான். வெறுங்காலோடதான் போட்டுல ஏறினன்.”

“யா அல்லாஹ்!”

“மீனப் பாத்துக்கிட்டுக் கொஞ்சம் பிந்திட்டன். மேல வந்து பாத்தா போட் போகுது. கத்தினன். இஞ்சின் சத்தத்துல ஆருக்குக் கேக்கும்? நல்ல காலம், கிட்டடில சின்ன போட் ஒண்டு நிண்டிச்சு. அதுல மூணே பேர். அவங்கதான் தூக்கி ஏத்தினாங்க.”

“இனிப் போவியா?”

“ஓம், போவன். சின்ன போட்டுலதான். ஒரு ஆள் குறைஞ்சா அந்தப் போட்டே ஒரு பக்கம் சாயும். செருப்ப எண்ணத் தேவல்ல.”

நிந்தவூரில் சிலர் இறங்கினார்கள். பஸ் மறுபடி கிளம்பியதும் மற்றவர் கேட்டார்:

“ஊட்டுல சொன்னியா?”

“செருப்புத் துலைஞ்சத மட்டும் சொன்னன். அண்டைல இரிந்து இண்டு வரைக்கும் உம்மா ஏசுறா.”

கொஞ்ச நேரம் தன் காலைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏசட்டும் மச்சான். ஏச்சுக் கேக்க நான் இரிக்கன்தானே, அல்ஹம்துலில்லாஹ்.”