வெப்ப மூலை, குளிர் மூலை

ஆமைக் குஞ்சுக்குக் கண்ணாடித் தொட்டி வாங்குவது பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. கண்ணாடி இருப்பது நமக்குத்தான் தெரியும், குஞ்சுக்குத் தெரியாது. எதிரே வழி இருக்கிறது என்று நம்பி நாள் முழுக்க மூக்கால் முட்டிக்கொண்டே இருக்கும். கம்பளி அடுக்கி வைக்கிற, வெளியே எதுவும் தெரியாத பிளாஸ்டிக் பெட்டி போதும். நம் ஊர்க் கடையிலேயே கிடைக்கும்.

நீங்கள் கேட்க வந்தது இதை அல்ல என்று தெரியும், ட்வைலா. ஷெரிஃப் உங்களை அனுப்பியது என் அண்ணன் ஹார்லனைப் பற்றிக் கேட்க. ஆனால் பெட்டி புரியாவிட்டால் மற்றது புரியாது. காபியைக் குடியுங்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

பெட்டி ஆமை என்கிற நம் காட்டு ஆமை சாலையைக் கடந்தால் நாம் எல்லோரும் வண்டியை நிறுத்துகிறோம். தூக்கி, அது போகிற பக்கமே கொண்டுபோய் விடுகிறோம். வந்த பக்கம் விட்டால் மறுபடியும் அதே சாலைக்கு வந்து நிற்கும். நீங்கள் ரோந்து வண்டியை நிறுத்திவிட்டு அப்படிச் செய்ததை நானே பார்த்திருக்கிறேன். சென்ற ஜூனில் என் வீட்டுச் சரளைப் பாதையில் ஒரு பெண் ஆமை வந்தது. ஹார்லனுக்கு ஆக்சிஜன் இயந்திரம் கொண்டுவந்த வேன் அதன்மேல் ஏறியது. ஓட்டியவர் பார்க்கவில்லை. அவர்மேல் குற்றம் இல்லை. உடைந்த ஓட்டுக்குள் நான்கு முட்டைகள் முழுதாக இருந்தன. ஈரப் பாசியில் வைத்துக் காத்தேன். நான்குமே குஞ்சு பொரித்தன. ஒவ்வொன்றும் வால்நட் கொட்டை அளவு.

காட்டில் பிறந்திருந்தால் அவை சருகுக்கு அடியில் புதைந்து, எதுவும் தின்னாமல், குளிர்காலம் முழுக்கத் தூங்கியிருக்கும். நான் விழித்திருக்க வைத்தேன். விழித்திருக்கும் குஞ்சு சீக்கிரம் வளரும்.

அமைப்பு இதுதான். உள்ளங்கை அகல உயரத்துக்கு உரம் போடாத தோட்டத்து மண், அதில் பாதி தேங்காய் நார்த்தூள். மேலே பாசி. ஒரு மரப்பட்டைத் துண்டு, பதுங்குவதற்கு. ஜாடி மூடி ஆழத்துக்குத் தண்ணீர், அதற்குமேல் ஊற்றினால் மூழ்கிவிடும். நறுக்கிய மண்புழு, அதன்மேல் சுரண்டிய கணவாய் ஓடு, குஞ்சின் முதுகோடு மெத்தென்று ஆகாமலிருக்க. முக்கியமானது சூடு. ஒரு மூலையில் விளக்கு, எதிர் மூலை குளிர்ச்சி. எவ்வளவு சூடு வேண்டும் என்று நாம் முடிவு செய்யக் கூடாது. இரண்டையும் கொடுத்துவிட்டால் குஞ்சு தானே தேடிப் போகும். எனக்கு இதில் மிகப் பிடித்ததே இந்த ஏற்பாடுதான்.

சொல்லச் சுலபம். ஈரம் கூடினால் பூசணம் பிடிக்கும், குறைந்தால் குஞ்சுக்குக் கண் வீங்கி மூடிக்கொள்ளும். மூடியில் ஓட்டை போட்டால் காய்ந்துவிடும், ஓட்டையை அடைத்தால் நாற்றம் எடுக்கும். இதையெல்லாம் சரிசெய்து முடித்து நிமிர்ந்தால், அண்ணன் விளக்கின் பிளக்கைப் பிடுங்கியிருப்பார்.

அவருடைய நிலைமையும் எனக்குப் புரியும். சுரங்கமும் சிகரெட்டும் சேர்ந்து அவர் நுரையீரலைத் தின்றுவிட்டன. ஆக்சிஜன் ஓடுகிற வீட்டில் தீ கூடாது என்பதால் வீட்டைச் சூடாக்கிய அப்பா காலத்து விறகு அடுப்பை அணைத்துப் போட்டேன். அவர் அறைக்குச் சூடான காற்று வீசும் மின் அடுப்பு வாங்கினேன். பழைய வயரிங். அந்த அடுப்பும் என் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஃபியூஸ் போகும். ஆகவே அவருக்குக் குளிரும்போதெல்லாம் கூடத்துக்கு வந்து விளக்கைப் பிடுங்குவார்.

"டேய் வர்ஜில், அந்த நாலு பிஸ்கெட்டுக்காக நான் நடுங்கிச் சாகணுமா?"

"சூடு இல்லேன்னா அதுங்க சாப்பிடாதுண்ணே."

"அதுங்க சாப்பிடாட்டி நாம சாப்பிடுவோம். ஆனா சூப்புக்கு நாலு பத்தாதேடா."

சிரிப்பார். சிரிப்பு இருமலாகும். நான் முதுகைத் தடவிக்கொடுப்பேன். தண்ணீர் கொடுப்பேன். பிறகு பிளக்கை மாட்டுவேன். மறுநாளும் இதே கதை. பிளக்கில் நாடா சுற்றினேன், அவிழ்த்தார். சீட்டு ஒட்டினேன், அதன் பின்பக்கம் பேஸ்பால் ஸ்கோர் எழுதிவைத்தார்.

நவம்பரில், நன்றி செலுத்தும் விருந்து முடிந்த வாரம், அண்ணன் பெட்டியைத் திறந்துபோட்டு, மின் அடுப்பின் காற்றை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். "சூடு கேட்டியே, குடுத்திருக்கேன்" என்றார். அவருக்கு அது உதவி. நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் பாசி வைக்கோலாகிவிட்டது. நான்கில் மிகச் சிறிய குஞ்சு அதிலிருந்து மீளவில்லை. ஸ்ட்ராபெரிப் பாத்தியில் புதைத்தேன். அண்ணன் ஜன்னலைத் திறந்து, "பாதிரியாரைக் கூப்பிட்டியாடா?" என்று கேட்டார்.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேண்டுமென்று செய்தவரிடம் பேசிப் பார்க்கலாம்.

இனி, விழுந்ததும் பனிக்கட்டியாகிற அந்த உறைமழை பெய்த நாளுக்கு வருகிறேன். காலையில் மின்சாரம் போயிற்று. அண்ணனை அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டருக்கு மாற்றினேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதன் அளவு காட்டும் முள் கீழே இறங்கிவிட்டது. தீயணைப்புத் தொண்டர்களை அழைத்தேன். நானேதான் அழைத்தேன், பதிவு இருக்கும். "சிலிண்டர் எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டோம், வர்ஜில். வழியெல்லாம் மரம் விழுந்து கிடக்கு, அறுத்துக்கிட்டே வர்றோம். ஒரு மணி நேரம் அவரைத் தாக்குப்பிடிக்க வைங்க" என்றார்கள்.

என்னிடம் ஒரு பேட்டரி இருந்தது. மான் வேட்டைக்குப் போகும்போது கூடாரத்துக்கு எடுத்துப்போவது. முழுச் சார்ஜ். அதில் ஆக்சிஜன் இயந்திரத்தை மாட்டினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஓடும். இயந்திரம் அவ்வளவு இழுக்கும். விளக்கை மாட்டினால் மறுநாள் காலைவரை எரியும். ஒரே பேட்டரி. ஒன்றில் உடனே தீர்ந்துபோகும், இன்னொன்றில் நின்று பயன்படும். கருவிகளோடு பழகியவர் யாரும் இப்படித்தான் யோசிப்பார். மேலும், வளர்ந்த ஆமை ஓட்டுக்குள் புகுந்து பெட்டிபோல மூடிக்கொள்ளும். அப்படி மூட அடியோட்டில் ஒரு கீல் உண்டு, குஞ்சுக்கு அது இன்னும் வேலை செய்யாது. தன்னைக் காத்துக்கொள்ள அதனால் முடியாது.

"வர்ஜில்... அந்த பேட்டரியக் கொண்டாடா" என்றார் அண்ணன்.

"இதோண்ணே" என்றேன். கூடத்துக்குக் கொண்டுபோய் விளக்கை மாட்டினேன்.

அவர் கட்டிலிலிருந்து கூடம் நேராகத் தெரியும். பனி அப்பிய ஜன்னல்களால் வீடு இருண்டிருந்தது. அதில் அந்த மஞ்சள் வெளிச்சம் நன்றாகவே விழுந்தது.

"அது என்னடா வெளிச்சம்?"

"விளக்குண்ணே."

பேச மூச்சு வேண்டும். மோதிரவிரலால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் பாசிக்குத் தண்ணீர் தெளித்தேன். தட்டுவது மெல்ல இடைவெளி விட்டது, பிறகு நின்றது. தொண்டர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். அவ்வளவு சீக்கிரம் வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மின்சாரம் இல்லாத வீட்டில் ஒரு விளக்கு எரிவதை அவர்களில் ஒருவர் கவனித்திருக்கிறார். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

ஆம், தெரிந்தேதான் செய்தேன். பேட்டரி அவருக்குப் போதுமாக இருந்திருக்கும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

"அந்த விளக்கு இல்லேன்னா குஞ்சுங்க செத்திருக்குமா, வர்ஜில்?" என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. அமைப்பைக் கவனமாகக் கேட்டவர்தான் இதைக் கேட்க முடியும்.

அண்ணனை எடுத்துப்போன பிறகு விறகு அடுப்பைப் பற்றவைத்தேன். இனி அதில் ஆபத்தில்லையே. கை சூடானதும் பெட்டியைத் திறந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே எதுவும் இல்லை. பாசியை விலக்கி, மண்ணை விரலால் மெல்லத் தோண்டினேன். மூன்றும் எதிர்ப்பக்கத்தில், குளிர் மூலையில், போக முடிந்த ஆழத்துக்குப் போய், காட்டுக் குஞ்சுகளைப்போலவே கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தன. நல்ல ஆரோக்கியம்.

விளக்கைத் தவறான மூலையில் வைத்துவிட்டேன். அதை மட்டும் மாற்ற வேண்டும்.