முதுகுக்கு அடியில் ஒரு கை

குற்றாலத்திலிருந்து திரும்பும் தென்காசி பஸ். சாரலுக்கு ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார்கள். எனக்கு முன் சீட்டில் ஒரு அண்ணனும் தங்கையும்.

"ஏட்டி, முன்னபின்ன தெரியாத ஆளு முதுகுக்கு அடியில கைய விடுதியே, அவுக என்ன நெனைப்பாவ?"

பாதி பஸ் திரும்பிப் பார்த்தது.

"சாகக் கெடக்கவுகளப் பாக்குத இடம்ணே. தொட்டுப் பாக்காம அப்பாவ எப்படி அங்கன விட?"

"டாக்டர் வருவாரா, ஆக்சிஜன் உண்டான்னு நான் கேட்டேன்லா?"

"கேட்டா எல்லாவனும் உண்டுன்னுதான் சொல்லுவான். படுக்கப்புண்ணு முதுகுலதான் இருக்கும்."

"சரி, இருந்துச்சா?"

"இல்ல. இந்தச் சாரல்லயும் விரிப்பு காஞ்சு கெடந்துச்சு."

"பொறவு ஏன் அழுதுக்கிட்டு வாரே?"

அவள் மூடிய ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல நம்ம அப்பா முதுகுல இருக்குண்ணே. நாந்தான கூட இருந்து பாத்துக்கிடுதேன்."