பல பேருக்குச் சேரும் ரத்தம்

என் கையெழுத்து கோணல், பிழையும் இருக்கும், மன்னியுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

மழைக்காலத்தில் ஒரு மதியம், திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் பஸ். ஜன்னலில் சாரல். பாதிப் பேர் தூக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். முன் இருக்கையில் இருந்த நிறைமாதப் பெண், பக்கத்தில் புர்கா அணிந்திருந்த ஓர் அம்மாவிடம் சொன்னாள்:

“தாய்மாமனைக் கட்டுனதுக்கு வைஞ்ச டாக்டரே, இப்ப தொப்புள்கொடி ரத்தத்தைக் கேக்குறாகக்கா.”

“எதுக்கும்மா?”

“ரத்த பேங்குல சேத்து வைக்கவாம். சொந்தத்துல கட்டுனதால பிள்ளை ரத்தத்துல அப்பன் வழி வந்ததும் ஆத்தா வழி வந்ததும் ஒண்ணுபோல அமையலாமாம். அப்படி அமைஞ்சா பல பேரு உடம்புக்குச் சேருமாம்.”

அந்த அம்மா மழையைப் பார்த்தார்.

“என் மகனுக்கு எலும்புக்குள்ள ரத்தம் ஊறல. வேற ஆளோடதை ஏத்தணுமாம். எங்க வீட்டுல யாருதும் சேரல. எங்களுக்கும் குடுப்பாகளா?”

“சேர்ந்தா யாருக்கும் உண்டாம். ஆனா மாமா வேணாங்குறாரு. தூக்கிப்போடுற கொடிதான்னு டாக்டர் சொல்லியும், பிள்ளைக்கு ஆகாதுன்னு பயப்படுறாரு.”

“சின்னதுல உன்னையத் தூக்கி வளர்த்தவருதானே?”

“ஆமாக்கா.”

“அப்ப செத்த நேரம் அழு. அடங்கிருவாரு.”

இருவரும் சிரித்தார்கள். செம்பட்டி வந்ததும் அந்தப் பெண் மெல்ல எழுந்தாள்.

“மகன் பேரு என்னக்கா?”

“யூசுப்.”

“அழும்போது அந்தப் பேரைச் சொல்லி அழுறேன்.”

அவள் இறங்கிப்போனாள். தூங்கும் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இதில் யாருடைய ரத்தம் யூசுப்புக்குச் சேருமோ என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

எழுதிவைக்க இத்தனை நாளாகிவிட்டது.

12.2.2009, வியாழன்.