எதிராளி கையில் கொடுத்துவிட்ட கடிதம்

காரில் போகிறோம். பலிபீடத்துத் துணி என் கையில். வெள்ளைக் கொடிக்காகத் தேவாலயத்திலிருந்து எடுத்து வந்தது. ஞாயிறு. காலை பத்து இருபது. முதல் வெடி தனியாக வந்தது. டக். யாரோ கதவைத் தட்டியது போல. ஒரு மூச்சு அளவு அமைதி. பிறகு இடைவிடாமல். காரின் முன்கண்ணாடி வெளுத்துப் பொரிந்து விழுகிறது. கதவைத் திறந்து பனை வடலிக்குள் பாய்கிறேன்.

"குப்புறப் படு! தலையைத் தூக்காதை!"

அப்பாவின் குரல். நான் தலையைத் தூக்கவில்லை. அதனால் அவர் விழுந்ததைப் பார்க்கவில்லை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பா தபாலதிபர். ஊர்ப் பிரஜைகள் குழுவின் செயலாளர். இராணுவத்தோடு சண்டை பிடிக்கப் புறப்பட்ட இயக்கங்கள் தங்களுக்குள் சுடத் தொடங்கியிருந்த காலம். எங்கள் பகுதியில் மூன்று இயக்கங்கள். இரண்டு பெரியவை. மூன்றாவதில் பன்னிரண்டு பேர். மூன்றையும் ஒரு மேசைக்குக் கொண்டுவர அப்பா நான்கு மாதம் சைக்கிள் மிதித்தார். முகாம் முகாமாகப் போனார். அவர்கள் தந்த, பால் விடாத சாயத்தண்ணியைக் குடித்தார். சரி, பேசுவோம் என்று ஒருநாள் சொன்னார்கள்.

அழைப்பைக் கடிதமாக எழுதினோம். மூன்று கடிதங்கள். என் கையெழுத்து. முதல் இரண்டையும் அப்பா நேரே கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்றாவதற்குப் பொழுது பட்டுவிட்டது. அவர் கால் வீங்கியிருந்தது. பெரிய இயக்கம் ஒன்றின் பெடியன் எங்கள் படலை வாசலில் நின்றான்.

நான்தான் சொன்னேன். "இவரிட்டையே குடுத்துவிடுவம் அப்பா. போற வழிதானே."

எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு நேரே போய்ச் சொல்லவேண்டும். ஆள் விட்டுச் சொன்னால் வரமாட்டார்கள். பேரப்பிள்ளைகள் காலம்வரை அதைச் சொல்லிக்காட்டுவார்கள். எனக்கு அது தெரியும். பந்தியில் தெரிந்த மரியாதை, துவக்குத் தூக்கியவர்களிடம் எனக்கு மறந்துபோயிற்று.

மூன்றாமவர்கள் வரவில்லை. மற்ற இரண்டு இயக்கங்களும் சனிக்கிழமை கையெழுத்து வைத்தன. ஞாயிறு பூசை முடிந்ததும் அந்தத் தாளை மூன்றாமவர்களுக்கு வாசித்துக் காட்டப் புறப்பட்டோம். இரண்டு பெரிய இயக்கங்களும் சேர்ந்து தங்களை முடிக்க வருகின்றன என்று அவர்கள் நினைத்தார்கள். சுட்டார்கள். அன்று மாலையே இரண்டு இயக்கங்களும் உண்மையில் சேர்ந்து அவர்களை முடிக்கப் போயின. ஒப்பந்தத்தின் முதல் வேலை அதுதான்.

இது லண்டன், லூயிஷாம். இந்த வருடம். செவ்வாய்க்கிழமை. ஒரு மண்டபத்தின் மேல்மாடி. ரயில் போகும்போதெல்லாம் கோப்பைகள் கிலுகிலுக்கின்றன. வேறொரு நாட்டின் யுத்தத்துக்கான பேச்சு. நாட்டின் பெயரை எழுதமாட்டேன். அப்படி ஒப்புக்கொண்டுதான் உள்ளே போனேன். அங்கேயும் மூன்று கிளர்ச்சிக் குழுக்கள். ஹெலன் முன்பு இராஜதந்திரி. பதினான்கு மாதமாக அவர்களோடு அலைகிறாள். யுத்தம் பார்த்தவர்கள் பேசவேண்டும், துவக்கு வைத்திருப்பவர்கள் கேட்கவேண்டும் என்பது அவளுடைய முறை. கவுன்சில் வேலையில் லீவு எடுத்துக்கொண்டு நான் போவேன். அன்று காலையும் பேசினேன். இரண்டு பேர் கேட்டார்கள். மூன்றாவது கதிரை காலி.

பன்னிரண்டே கால். தேநீர் இடைவேளை. மூன்றாமவர் எங்கே என்று ஹெலனைக் கேட்டேன். அப்டன் பார்க்கில் உறவினர் வீட்டில் இருக்கிறார் என்றாள். அழைப்பும் ஒப்பந்த வரைவும் போய்ச் சேர்ந்துவிட்டன. முதலாம் குழுவின் செயலாளருக்கு வீடு அதே தெருவில். அவரிடமே கொடுத்துவிட்டாளாம்.

தேநீர்க் கோப்பையை வைத்தேன்.

நீயே நேரில் போ என்றேன். இந்த இரண்டு பேரையும் விட்டு எழும்பினால் இவர்களும் எழும்பிவிடுவார்கள் என்றாள். அதுவும் உண்மை. கையெழுத்து மூன்று மணிக்கு. அதற்கு முன் அவரைக் கொண்டுவந்தால் கதிரை இருக்கிறது என்றாள்.

கீழே நிறுத்தியிருந்த வான் வண்டிக்குள் ராசன் அண்ணை சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வட லண்டன் எட்மண்டனில் இருப்பவர். ஹெலனின் அமைப்புக்கு வான் ஓடுகிறார்.

"அப்டன் பார்க் போகவேணும் அண்ணை. கெதியா."

"என்ன, சீலை மலிவு விற்பனையோ?"

"மூண்டாவது ஆளுக்கு அழைப்பை முதலாவது ஆளிட்டைக் குடுத்துவிட்டிருக்கினம்."

சிரித்தார். பிறகு சாண்ட்விச்சைச் சுற்றி வைத்தார். "வெள்ளைக்காரருக்கும் எங்கடை புத்திதான்."

அவர் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர். ஆறு வருடமாக எனக்குத் தெரியும். நான் யாருடைய மகள் என்று அவருக்கும் தெரியும். மழையைப் பற்றிப் பேசுவோம். மீன் விலையைப் பற்றிப் பேசுவோம். அந்த ஞாயிற்றுக்கிழமையை ஒருநாளும் தொட்டதில்லை. அன்று ஒரு சிவப்பு விளக்கில் அவராகவே தொடங்கினார்.

"அந்தக் கடிதத்தை நாங்கள் பிரிக்கேல்லை, தங்கச்சி. எதிரி கொண்டந்த கடிதம். உள்ளுக்கை என்ன இருக்குமெண்டு ஆருக்குத் தெரியும்? அடுப்புக்கை வைச்சது நான்தான். அண்டைக்கு எனக்குச் சமையல் முறை."

"அது நான் எழுதின கடிதம் அண்ணை."

"ஓம். உங்கடை அப்பா நேரை வந்திருந்தா எல்லாரும் எழும்பி நிண்டிருப்பம். என்ரை அம்மாவுக்குக் கடிதம் வாசிச்சுக் காட்டுற மனிசன் அவர்."

பச்சை விழுந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

"விறகுக்குப் போனனான். திரும்பி வரேக்கை எல்லாம் முடிஞ்சுது."

நான் காலையைக் கேட்டேன். அவர் மாலையைச் சொன்னார்.

ஒன்று பத்து. ஒரு சீலைக் கடையின் மேல்வீடு. மூன்றாமவர் கதவைத் திறந்தார். ஐம்பது வயது இருக்கும். உறை பிரிக்காமல் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் கிடந்தது. ராசன் அண்ணை சப்பாத்தைக் கழற்றினார். அவர் அதைக் கவனித்தார். யார் அனுப்பியது என்று கேட்டார். யாரும் இல்லை, நேரில் கேட்க வந்தோம் என்றேன். உட்காரச் சொன்னார். தேநீர் வைத்தார். கொதிக்கக் கொதிக்க. அதை அவசரமாகக் குடிக்க முடியாது. அவசரமாகக் குடித்தால் வந்ததே வீண். என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். தாளைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. தான் உள்ளே போகும்போது அவர்கள் எழும்பி நிற்பார்களா என்று கேட்டார். தெரியாது என்றேன். பொய் சொல்லாததற்கு நன்றி என்றார். கோட்டை எடுத்தார். உறையையும் எடுத்தார். இரண்டு ஐந்து.

பிளாக்வால் சுரங்கப் பாதைக்கு முன்னால் வாகனங்கள் எல்லாம் நிற்கின்றன. உள்ளே ஒரு லொறி பழுதாம். இரண்டு நாற்பது. இரண்டு நாற்பத்தெட்டு. ஹெலனுக்கு அழைக்கிறேன்.

"பொறுக்கச் சொல்லு தங்கச்சி! கத்திச் சொல்லு!"

கத்தினேன். வருகிறார், தொடங்காதே, தொடங்காதே என்று கத்தினேன். பத்து நிமிடம் என்றாள் ஹெலன். ஒருவர் விமானத்துக்குப் போகவேண்டும், கோட்டுப் போட்டுவிட்டார். வான் நகர்ந்தது. சுரங்கத்துக்குள் தொலைபேசி செத்தது.

மூன்று இருபத்திரண்டு. படியில் ஏறும்போதே கைதட்டல் கேட்டது. கதவு திறந்திருந்தது. இரண்டு பேரும் பேனையோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது கதிரையில் கோட்டுகளைக் குவித்து வைத்திருந்தார்கள். மூன்றாமவர் அந்தக் கதிரையைப் பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. பிரிக்காத உறையை என் கையில் தந்தார். இறங்கினார். ஹெலன் படியில் ஓடினாள். "ஐயா! நில்லுங்கோ!" என்று ராசன் அண்ணை தமிழில் கத்தினார். அவர் ரயில் நிலையத்துக்குள் போய்விட்டார்.

எட்டாம் நாள். காலை ஏழு பத்து. தொலைபேசி. மூன்றாமவர். என் இலக்கத்தை ஹெலனிடம் வாங்கியிருந்தார். ஒப்பந்தம் வானொலியில் வாசிக்கப்பட்டு ஒரு வாரத்தில், கையெழுத்து வைத்த குழுக்களில் ஒன்று அவருடைய ஊரைச் சுற்றிவளைத்ததாம். பெயர்களை வாசிக்கிறேன், எழுது என்றார். தமிழ் எழுத்தில் எழுதினேன். நடுவில் ஒரு பெயரை இரண்டு தரம் வாசித்தார். தொடர்ந்தார்.

அங்கே செத்தது பத்தொன்பது பேர். அதில் ஒருவர் அவருடைய தங்கையின் கணவர். ஒரு பள்ளிக்கூடம். இரண்டு லொறி கோதுமை மா. ஒரு கிணறு, இனிக் குடிக்க முடியாதது.

எங்கள் ஊர் வீதியில் அந்த ஞாயிறு காலையில் மூன்று பேர். அப்பா அந்தோனிப்பிள்ளை. குழுவிலிருந்து கூட வந்த சவரிமுத்து மாஸ்டர். கார் ஓடிய தம்பிராசா. அவருடைய கார்.

மாலையில் பதினொரு பெடியள். ராசன் அண்ணை வானுக்குள் இருந்தபடி எனக்குப் பெயர்களைச் சொன்னார். இயக்கப் பெயர்கள் பதினொன்றும் நினைவிருந்தன. வீட்டுப் பெயர்கள் ஏழு. மற்ற நான்கு பேருக்கும் தாய் வைத்த பெயர் அவருக்குத் தெரியாது. கேட்க வேறு ஆள் இல்லை.