கடவில் குடித்த கஞ்சி

— மூணு வீடு தாண்டியாச்சு, அப்புசாமி அண்ணே. ஒரு வீட்டுலயும் ஒரு வாய் கட்டஞ்சாயா கூட நீங்க குடிக்கலியே.

— புஷ்பமேரி அம்மிணி, மொதல்ல உங்க துடுப்பச் சொல்லுங்க. தண்ணியில போடறதும் தெரியல, எடுக்கறதும் தெரியல. சித்தூருப் பக்கம் எங்க வாய்க்கால்ல முட்டளவு தண்ணி வந்தாலே ஊரக் கூட்டிருவோம். நீங்க இத்தாப்பெரிய ஆத்துல ஒத்தப் பொம்பளயா வள்ளம் ஓட்டறீங்க.

— பேச்ச மாத்தாதீக. எங்கொழுந்தன் வீட்டுல ஒங்களுக்குன்னே கோழி அடிச்சிருந்தாக. சின்னம்மா வீட்டுல கப்பக்கெழங்கும் காந்தாரி மொளகாச் சம்மந்தித் தொவையலும். வாசன கரை வரைக்கும் வந்துச்சுல்லா?

— வந்துச்சுங்க. எச்சி ஊறிப்போச்சு. உங்க சின்னம்மா ஊட்டு நல்லமொளகுக் கொடி இருக்குதே, அது படர்ந்த பலா மரத்தையே காணோம், கொடிதான் நிக்குது. இந்த வயசுலயும் அவங்களே ஏணி வெச்சு ஏறிப் பறிக்கறாங்களாமா. அசந்து போயிட்டனுங்க.

— இம்புட்டும் பாராட்டுதீக, ஒரு வாய் திங்க மட்டும் மாட்டேங்குதீக. ஒடச்சே கேக்கேன். நாங்க வேதக்காரங்க, ஏலப்பாறை எஸ்டேட்டுல கூலிக்காரங்க லயத்துல பெறந்தவுக. அதான் எங்க கையால திங்கலியா? அப்படின்னா இப்பமே சொல்லிருங்க. பொண்ணப் பெத்தவுக மனசு நொந்தா ஒங்க மக யோகப்பிரியாவக் கட்ட மாட்டேம்மான்னு எம்மகன் ரிஜின் சொல்லிட்டான். அடுத்த கரை எங்க வீடு. எங்க வீட்டுக்காரரு மீன் பொரிச்சு வச்சிட்டுக் காத்திருக்காரு. அவரு மொகம் சுருங்குறத என்னால பாக்க முடியாதுண்ணே.

— ஐயோ, அப்படியில்லீங்க அம்மிணி. எங்க பக்கம் ஒரு மொறை. பொண்ணக் குடுக்கறதுன்னு முடிவாகாம பையனோட சொந்தக்காரங்க ஊட்டுல கை நனைக்க மாட்டோம். ஊட்டப் பாக்கலாம், சனத்தப் பாக்கலாம். சாப்புட்டா சரின்னு சொன்ன மாதிரி. அப்பறம் பேச்ச மாத்தக் கூடாதுங்க.

— மாதாவே.

— ஏனுங்க, வள்ளம் ஆடுது.

— அண்ணே, கோவிச்சுக்காதீக. காலையில பஸ்ஸு எறங்கி, வள்ளம் ஏறுற கடவுல, பெஞ்சு போட்ட எடத்துல கஞ்சி கேட்டுக் குடிச்சீகள்லா?

— ஆமாங்க, கஞ்சியும் பயறும். அந்த ருசி இன்னும் நாக்குல நிக்குது. காசு நீட்டுனா அந்தம்மா வாங்கவே மாட்டேன்னுட்டாங்க.

— எப்படி வாங்குவா? அது கடையில்ல அண்ணே. என் கூடப்பொறந்த அக்கா வீடு. நீங்க கடைன்னு நெனச்சுக் கேக்கவும், பசியோட வந்தவுககிட்ட என்னத்தச் சொல்லன்னு ஊத்திக் குடுத்துட்டா. போன்ல சொல்லிச் சிரிச்சா, நானும் சிரிச்சேன். ஒங்க மொறை எங்களுக்குத் தெரியாது. தெரியாமக் குடிச்சத வச்சு ஒங்கள மடக்க மாட்டோம்ணே. அது கணக்குல வராது.

— மொதக் கிண்ணம் கணக்குல வராதுங்க.

— மொதக் கிண்ணமா?

— மத்த ஊட்டு விருந்தெல்லாம் எங்கூட்டுக்காரி பூவாத்தாளோட வந்து சாப்புடலாம்னு வெச்சிருக்கறனுங்க. நாம்பாட்டுக்குத் தனியாத் தின்னுட்டுப் போனா அவ ஊட்டுக்குள்ள விடமாட்டா.

— அண்ணே, வெளங்குற மாதிரி சொல்லுங்க.

— மொதக் கிண்ணம் கடைன்னுதானுங்க குடிச்சேன். தலைய நிமுத்துனா சொவத்துல மாதா படம். அதுக்குக் கீழ உங்க ரிஜினும் எம்பட புள்ளையும் சிரிச்சிட்டு நிக்கற போட்டோ. அதப் பாத்துட்டுத்தான், இன்னொரு கிண்ணம் ஊத்துங்கன்னு கேட்டு வாங்கிக் குடிச்சனுங்க.