காளியின் கண்ணில் விழுந்த போகஸ்

குலசேகரன்பட்டினத்தில், நேர்ந்துகொண்டவர்கள் விரதமிருந்து காளி வேஷம் கட்டி ஆடும் தசராவைப் பார்த்துவிட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு கல்யாண போட்டோகிராபர்கள். மடியில் கேமராவோடு இருந்த ஒல்லியானவர் சொன்ன ஒரு வார்த்தையில் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

“காளி சுத்திச் சுத்தி ஆடுதா, இந்த லென்ஸு அவ கண்ண விட்டு நகர மாட்டேங்குலே.”

“கேமரா கம்பெனி லென்ஸா?” என்றார் கண்ணாடி போட்டவர்.

“இல்ல, வேற கம்பெனிக்காரன் போட்டது. விலை பாதிகூட இல்ல. போன வருசம் நான் கையால போகஸத் திருகி முடிக்கதுக்குள்ள காளி கடற்கரைக்கே போயிட்டா. இது தானா பிடிச்சிருது. நாளைக்கு நாசரேத் கல்யாணத்துக்கும் இதத்தான் கொண்டு போறேன். பொண்ணு நடந்து வரும்போது ஒரு படம் தப்பாது.”

“விலை கம்மின்னா படம் மங்கலா இருக்கும்லே.”

“பேசாத. பெருசாக்கிப் பாரு. இமை முடிய எண்ணலாம்.”

கண்ணாடிக்காரர் கேமராவை வாங்கிப் பார்த்தார். காளியின் கண்ணைப் பெரிதாக்கினார்.

“ஏலே, சாயத்துக்குள்ள இடது இமையில தழும்பு தெரியுதா? காளி வேஷம் கட்டியிருக்கது எங்க மாமால்லா. சாமியே கிடையாதுன்னு சண்டைக்கு வருவாரு. ஒரு மாசமா சென்னையில வேலைன்னுல்லா சொன்னாரு.”

“அவரு எதுக்குலே வேஷம் கட்டுதாரு?”

“எம் மவளுக்கு ஆபரேஷன் நடந்துச்சில்லா. அதுக்கு நேந்திருப்பாரு.”

“அப்ப இதத்தாம்லே முதல்ல எல்லாருக்கும் அனுப்பணும்.”

“அனுப்பிராத. எனக்கு மட்டும் ஒரு பிரிண்ட் போட்டுத் தா. அவரு பாட்டுக்குச் சாமி இல்லன்னே சொல்லிட்டிருக்கட்டும்.”